கம்பவுண்டர் சாருக்கு நான் தேர்ந்து கொடுத்த சக்கரம்

கோவில்பட்டியில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்த காலத்தில், அவற்றில் ஒன்றில் நான் மூன்று வருடம் வேலை பார்த்தேன். எட்டயபுரம் பக்கத்து ஊரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன். ஏழு கம்ப்யூட்டர், நடுநடுவே பிளைவுட் தடுப்பு, வாசலில் ஒரு மேஜை. அந்த மேஜைதான் என் இடம். முதலாளி அண்ணாச்சிக்குப் பக்கத்திலேயே பெயிண்ட் கடை இருந்தது. சென்டருக்குள் அவர் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். ரிசல்ட் பார்த்துச் சொல்வது, ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுப்பது, புதிதாக வருகிறவர்களுக்கு மெயில் திறந்து கொடுப்பது எல்லாம் நான்தான்.

கம்பவுண்டர் சார் மத்தியானம் இரண்டரைக்கு வருவார். கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். புதூர் வட்டாரத்தில் முப்பது வருடம் ஆடு மாடுகளுக்கு மருந்து கட்டியவர் என்பதால், வெயிலில் வருகிற யாராவது அவரைப் பார்த்தால் நின்று கும்பிட்டு, வீட்டு மாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டார்கள். மனைவி இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் மஸ்கட்டில் கணவன், இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். அவளுடைய மெயிலைப் படிக்கத்தான் அவர் வருவார். வலது கை நடுங்கும். மவுசைப் பிடித்தால் அம்புக்குறி திரை முழுக்க அலையும். சரியான இடத்தில் அதை நிறுத்துவதற்குள் அவருக்கு நெற்றி வேர்த்துவிடும்.

மெயில் படிக்கப் பத்து நிமிஷம் போதும். ஆனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குப் போய் என்ன செய்ய என்பார். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள், கேபினிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏ பிள்ள, இங்கன என்னமோ சுத்துது. வந்து பாரு."

தானாக ஒரு விளம்பரம் திறந்திருந்தது. அதில் ரூலெட் சக்கரம். சிவப்பும் கறுப்புமாய் எண்கள், ஓரத்தில் ஓடும் வெள்ளைக் குண்டு. எந்த எண்ணில் குண்டு விழும் என்று பந்தயம் கட்டுகிற ஆட்டம் என்று சொன்னேன். விளம்பரத்தை மூடப் போனேன்.

"இரு, இரு. சும்மா ஆடிப் பாக்க முடியுமா?"

"முடியும் சார். முதல்ல விளையாட்டுக் காசு தருவான். நிசக் காசு இல்ல."

அவர் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தத்தித் தத்தி ஒரு குழியில் விழுந்ததும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனால் ஆடிப் பார்க்க முடியவில்லை. பந்தயக் கட்டங்கள் எறும்பு மாதிரி இருந்தன. அவர் கை ஒன்றைக் குறிவைத்தால் பக்கத்துக் கட்டத்தில் போய் விழுந்தது.

"இது நமக்கு ஒத்து வராது. இதுலயே நல்லதா ஒண்ணு இருந்தா எடுத்துத் தா. நீதான் படிச்சவல்லா" என்றார்.

அந்தச் சொல் என்னை எங்கேயோ தொட்டுவிட்டது. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். ஒரு திரை அதைப் பயன்படுத்துகிறவருக்கு எப்படி எளிதாக இருக்க வேண்டும் என்று ஒரு பேப்பர் எங்களுக்கு உண்டு. அதில் வகுப்பிலேயே நான்தான் முதல். படிப்பு முடித்து வந்து, அதைப் பற்றி என்னிடம் ஒரு ஆள்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை. பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒருவர் கேட்டுவிட்டார்.

மூன்று மத்தியானம் அதில் உட்கார்ந்தேன். நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொரு தளத்துக்கும் மார்க் போட்டேன். முதல் தளம் எங்கள் திரைக்குள் அடங்கவில்லை. சக்கரத்தைப் பார்த்தால் கட்டம் தெரியாது, கட்டத்தைப் பார்த்தால் சக்கரம் தெரியாது. இரண்டாவது, திறக்கவே அரை மணி நேரம் எதையோ இறக்கச் சொன்னது. எழுத்தும் சிவப்பின் மேல் மஞ்சளாய்க் கண்ணைக் கூசவைத்தது. மூன்றாவது அழகாக இருந்தது. பெரிய எழுத்து, தெளிவான கட்டம். சாரையே உட்காரவைத்து விளையாட்டுக் காசில் ஆடவிட்டேன். ஆனால் அந்தத் தளம் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ஒரு பெட்டியைத் திறந்து, இந்தப் பந்தயம் நிச்சயம்தானா என்று கேட்டது. அவ்வப்போது ஆட்டத்தை நிறுத்தி, இவ்வளவு நேரமாக ஆடுகிறீர்கள், இவ்வளவு இழந்திருக்கிறீர்கள் என்று காட்டியது.

"என்னட்டி இது, தாலுகா ஆபீஸ் மாதிரி எதுக்கெடுத்தாலும் கையெழுத்துக் கேக்கான்?" என்றார் சார்.

நானும் சிரித்துக்கொண்டே நோட்டில் அந்தத் தளத்தை அடித்துவிட்டேன். "தேவையில்லாத குறுக்கீடு" என்று எதிரே எழுதினேன். அந்த எழுத்து எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் அன்று மார்க்கைக் குறைத்தது எதற்கு என்று பிற்பாடு புரிந்தபோது, எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காவது தளம்தான் நான் தேர்ந்தது. எங்கள் லைனிலும் சட்டென்று திறந்தது. பொத்தான்கள் தீப்பெட்டி அளவுக்குப் பெரிது. கை நடுங்கி எங்கே அழுத்தினாலும் பந்தயச் சில்லு இருப்பதிலேயே கிட்டத்தில் உள்ள கட்டத்தில் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேல், முந்தைய பந்தயத்தையே மறுபடி கட்ட ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் போதும், சக்கரம் சுற்றும். எங்கேயும் ஒரு கேள்வி இல்லை.

"இது உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு சார்" என்றேன்.

ஒரு மாதம் போல விளையாட்டுக் காசிலேயே ஆடினார். இரண்டரைக்கு வருகிறவர் இரண்டுக்கே வர ஆரம்பித்தார். முகத்தில் ஒரு களை வந்திருந்தது. ஒரு நாள் நானே கேட்டேன், இதில் அப்படி என்ன இருக்கிறது என்று.

"வீட்டுல எதுவுமே நடக்காதும்மா. கொஞ்ச நேரமாவது எதையாவது எதிர்பாத்துட்டு இருக்கணும்லா" என்றார்.

அதற்குப் பிறகு நிசக் காசில் ஆடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சீட்டாடி நிலத்தை விட்டவர்கள் எங்கள் ஊரில் இரண்டு பேர் இருந்தார்கள். எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் நடக்கிற ஒன்று, அதுவும் நான் பார்த்துப் பார்த்து எடுத்த ஒன்று, அந்தச் சீட்டாட்டம் மாதிரி ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை. கொஞ்சமா வச்சு ஆடுங்க சார் என்று மட்டும் சொன்னேன். ஆஸ்பத்திரி அவசரத்துக்கு வைத்திருக்கச் சொல்லி மகள் தன் கணக்கில் எடுத்துக் கொடுத்த கிரெடிட் கார்டு அவரிடம் இருந்தது. பர்சிலிருந்து எடுத்தார். அவருக்கு நம்பர் அடிக்க வரவில்லை. அவர் வாசிக்க வாசிக்க, நான்தான் அடித்தேன்.

சில வாரம் சின்னதாய் வருவதும் போவதுமாக இருந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவர் கேபினுக்குள்ளிருந்து சத்தம் போட்டார். ஒரே எண்ணில் வைத்திருந்தது விழுந்துவிட்டது. அவருடைய மூன்று மாதப் பென்ஷனைவிட அதிகம். அண்ணாச்சியே பெயிண்ட் கடையிலிருந்து வந்து என்ன சத்தம் என்று பார்த்துவிட்டுப் போனார்.

"போதும். இத வெளிய எடுத்துரு. இனி ஆட வேண்டாம்" என்றார் சார். "ஆனிக்கு அவிய எல்லாரும் லீவுல வாராவ. சின்னவனுக்கு நம்ம கக்கூஸ்ல உக்கார வராது, அழுவான். போன தடவ லாட்ஜுல தங்கினாவ. வெஸ்டர்ன் ஒண்ணு கட்டிட்டா வீட்டுலயே இருப்பாவல்லா."

நான் பணத்தை வெளியே எடுக்கும் பொத்தானைத் தேடினேன்.

இல்லை. அவ்வளவு பெரிய பொத்தான்கள் போட்டவன் அதை எங்கேயும் போடவில்லை. உதவிப் பக்கத்துக்குள் போய், அதற்குள் இன்னொரு பக்கம் போய், சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஒரு வரியைக் கண்டுபிடிக்கவே எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கார்டின் இரண்டு பக்க நகல், அடையாள அட்டை, வீட்டுக் கரண்ட் பில் எல்லாம் பேக்ஸில் அனுப்ப வேண்டும். மூன்று மத்தியானம் உட்கார்ந்து நான்கு தளத்துக்கு மார்க் போட்டேனே, உள்ளே போவது எவ்வளவு சுலபம் என்று மட்டும்தான் பார்த்திருந்தேன். வெளியே வருவது எப்படி என்று ஒரு தளத்தில்கூடப் பார்க்கவில்லை. அப்படி ஒரு வரியே என் நோட்டில் இல்லை.

எல்லாவற்றையும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அனுப்பினோம். எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. கரண்ட் பில்லில் இருக்கும் பெயர் பொருந்தவில்லையாம். இணைப்பு அவர் மனைவி பெயரில் இருந்தது. பேர் மாற்ற மனுக் கொடுத்தால் எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது. அதுவரை பணம் கணக்கிலேயே இருக்கும், விரும்பினால் அதை வைத்து ஆடலாம் என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

"இனி ஆட வேண்டாம்" என்றவர் அந்தப் பதில் வந்த பிறகும் நான்கு நாள் ஆடவில்லை. வந்து, அந்தத் தொகையை மட்டும் திறந்து பார்த்துவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் கேபினிலிருந்து கிளிக் சத்தம் கேட்டது. ஒரே சீராக, இடைவெளி விட்டு விட்டுக் கேட்டது. அவர் கை எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு பொத்தான் மேலேயே இருந்தது. நான் எழுந்து போகவில்லை. யாரோ ஒரு பெண் விண்ணப்பம் நிரப்ப வந்திருந்தாள்; அவளுக்கு உதவுகிற சாக்கில் இருந்துவிட்டேன். இரண்டு வாரத்தில் அந்தப் பணம் முழுக்கப் போய்விட்டது. அதை மீட்க வேண்டும் என்று கார்டிலிருந்து இன்னும் போட்டிருக்கிறார். அதற்கு அவர் என்னைக் கூப்பிடவில்லை. நம்பர் தளத்திலேயே பதிந்திருந்ததால், யாரும் அடித்துக் கொடுக்கத் தேவையிருக்கவில்லை.

பிறகு அவர் வரவில்லை. ஒரு திங்கட்கிழமை சென்டர் போன் அடித்தது. மகள்.

"எங்கப்பா அங்கனதான வருவாவ, நெட்டு பாக்க?"

"ஆமாக்கா."

"கார்டு ஸ்டேட்மென்ட் வந்துருக்கு. சூதாட்டம்னு போட்டுருக்கு. அப்பா சீட்டக் கையில தொட்டதில்ல. யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டா, பக்கத்துல ஒருத்தன் ஆடுனதப் பாத்து நானே கத்துக்கிட்டேன்னு சொல்லுதாவ. அவியளுக்கு மெயில் திறக்கவே ஒழுங்காத் தெரியாது. நீங்க பாத்தீங்களா, யாரு அவன்?"

அவள் கோபமாகப் பேசவில்லை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "கேபினுக்குள்ள யாரு என்ன செய்யுதாங்கன்னு எங்களுக்குத் தெரியாதுக்கா. நான் வாசல்ல இருக்குதேன்."

அவள் சரிங்க என்று வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை முடிந்து அவர் வீட்டுக்கு வந்திருக்கும் நேரம் பார்த்துப் போனேன். வெள்ளைச் சட்டையைக் கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஃபேனைப் போட்டார்.

"உங்க மக போன் பண்ணாங்க சார். எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

"நானும் உன் பேரச் சொல்லல. விடு."

"நான் கூப்பிட்டு நிசத்தச் சொல்லிருதேன் சார்."

"எதுக்கு? அவளுக்கு என் மேல இருக்குத கோவம் பாதியாயிருமா? உன் மேலயும் ஒண்ணு வரும், அவ்வளவுதான்."

பிறகு, என்னை நானே தேற்றிக்கொள்ளத்தான், அதைக் கேட்டேன். "நான் எடுத்துத் தரலேன்னாலும் வேற எங்கயாவது போய் ஆடியிருப்பீங்கதான சார்?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"இல்லம்மா" என்றார். "அந்த மொதத் தடவ கட்டம் சின்னதா இருந்திச்சுல்லா, அன்னைக்கே விட்டுருப்பேன். என் கைக்கு அது முடியாது."

குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. மாட்டுக்கு என்ன நோய் என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வது போலச் சொன்னார். பொய் சொல்லி என்னை அனுப்பிவைக்க அவரால் முடிந்திருக்கும். மகளிடம் எனக்காகச் சொன்னார் அல்லவா. என்னிடம் சொல்லவில்லை.

ஆனியில் மகள் குடும்பம் வந்தது. லாட்ஜில்தான் தங்கினார்கள் என்று அண்ணாச்சி சொன்னார். போகும்போது வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அவரைப் பாளையங்கோட்டையில் அவர் தம்பி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. சில வருடம் கழித்து அவர் இறந்துபோனது எனக்கு ஒரு மாதம் தாமதமாகத்தான் தெரியவந்தது.

நான் பிறகு சென்னைக்கு வந்தேன். ஒரு கம்பெனியில் திரைகளை வடிவமைக்கிற வேலைதான் பார்க்கிறேன். இந்த இடத்தில் ஒரு கேள்வி தேவையா, எடுத்துவிடலாமே என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். எதிர்த்துப் பேசிய நாட்களும் உண்டு. தலையாட்டி எடுத்த நாட்களும் உண்டு. எடுத்த நாட்கள்தான் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சார் வீட்டுக் காலண்டரில் எழுதியிருந்த மகளுடைய மஸ்கட் நம்பரை அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு சீட்டில் குறித்து வைத்திருந்தேன். அவளைக் கூப்பிட எனக்கு எத்தனையோ மத்தியானங்கள் கிடைத்தன. இரண்டு தடவை ரிசீவரை எடுத்து, நாட்டு எண் வரைக்கும் அழுத்தியிருக்கிறேன்.