ரப்பர் கோழியும் நான்கு கால் அடுப்பும்

"கவனக்குறைவு" என்ற சொல் காதில் விழுந்தாலே கோரின் ஷிமான்ஸ்கிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆற்றங்கரையில் உள்ள காகித ஆலையில் அவள் அப்பாவின் இரண்டு விரல்களை உருளை ஒன்று விழுங்கிவிட்டது. அந்த உருளைக்கு மூடி கிடையாது. ஆலையிலிருந்து வந்த கடிதத்தில் மூடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று மட்டும் இருந்தது. பத்து ஆண்டு கழித்து அதே ஆலையில் வெல்டராகச் சேர்ந்த கோரின், யாரையும் கேட்காமல் முதல் வாரமே அந்த உருளைக்கு இரும்புக் கூண்டு ஒன்றைப் பற்றவைத்தாள். மேற்பார்வையாளர் வாய்க்கு வந்தபடி திட்டினார். ஆனால் கூண்டைக் கழற்ற யாருக்கும் துணிச்சல் வரவில்லை. முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்து அவள் ஓய்வு பெற்ற நாளிலும் அது அங்கேதான் இருந்தது.

இப்போது அவளைப் பிடித்து ஆட்டியது ஆலை இல்லை. அவள் சேர்ந்திருந்த பியர் காய்ச்சும் சங்கம்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ராண்டல் ஃபோஸ் வீட்டுக் கராஜ் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, காஸ் அடுப்பில் பானை ஏற்றிப் பியர் காய்ச்சுவார்கள். கராஜ் கதவில் ஒரு மஞ்சள் ரப்பர் கோழி தொங்கும். அடுப்பைப் பற்றவைக்கும் முன் காய்ச்சுகிறவர் அதன் காலைப் பிடித்து இழுக்க வேண்டும். அது கீச்சிடும், எல்லோரும் கைதட்டுவார்கள். தொடக்கத்தில் அது வெறும் விளையாட்டுதான்.

போன அக்டோபரில் சங்கம் இருபது காலன் பானை வாங்கியது. அடுப்பு மட்டும் பழையதுதான். ராண்டல் வான்கோழி பொரிக்க வைத்திருந்த மூன்று கால் ஸ்டாண்டு அது. அதன் மேல்வளையம் பானையை விடச் சிறியது என்பதால் குறுக்கே இரண்டு இரும்புப் பட்டைகளைப் போட்டுப் பானையை ஏற்றினார்கள். அன்றைக்குக் காய்ச்சியவன் ஆர்லன் டெட்ஸ்மேன், பள்ளிப் பேருந்து ஓட்டுநர். துடுப்பைப் பானைக்குள் விட்டுக் கிளறப்போனான், பானை சாய்ந்தது. முளைகட்டிய பார்லியில் இறக்கிய கொதிக்கும் மால்ட் சாறு அவன் இடது கால் முழுக்கக் கொட்டியது. பதினோரு வாரம் பேருந்தைத் தொடவில்லை.

சங்கத்தார் கெட்டவர்கள் இல்லை. முறை வைத்துச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆனால் யாரோ ஒருவர், "அன்னிக்கு ஆர்லன் கோழிய இழுக்க மறந்துட்டான்ல" என்றார். முதல் தடவை எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் தடவை யாரும் சிரிக்கவில்லை, தலையாட்டினார்கள். மார்ச் மாதம் ஆர்லன் திரும்பி வந்தபோது, ராண்டல் அடுப்பிலிருந்து பத்தடி தள்ளித் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டிருந்தார். ஆர்லன் அதைத் தாண்டக் கூடாது. அவன் வேலை பாட்டில் கழுவுவது. முகர்ந்து பார்த்தே, பியருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் பூ எந்த வயலில் விளைந்தது என்று சொல்கிறவன், பாட்டில் கழுவினான்.

"இத எப்படிப்பா பொறுத்துக்கிற?" என்று கேட்டாள் கோரின்.

"அவங்க சொல்றதும் சரிதான். என் கைதான் ஏதோ தடுமாறியிருக்கும்."

அதுதான் அவளைச் சுட்டது. அவள் அப்பாவும் இப்படித்தான், சாகும்வரை தன்னையே நொந்துகொண்டிருந்தார். அன்று மாலையே பழைய ஸ்டாண்டைத் தன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாள்.

பழைய ஸ்டாண்டின் கால்களிலும் வளையத்திலும் அவள் கை வைக்கவில்லை. சாட்சிக்கு அது வேண்டும். புதிதாக எல் வடிவ இரும்பு ஆங்கிள் வாங்கி, நான்கு கால், காலுக்குக் கால் இரண்டடி இடைவெளி, உயரம் ஓரடிதான் என்று வேறொன்று செய்தாள். பர்னரை மட்டும் பழையதிலிருந்து கழற்றி, பானையின் அடிக்கு நான்கு விரல் கீழே இருக்கும்படி மாட்டினாள். காற்று அடித்தால் தீ அலையக் கூடாது என்று மேலே சுற்றிலும் தகடு வைத்து வெல்டிங் செய்தாள். பற்றவைத்துப் பார்த்தாள். நீலத் தீ சீறிக்கொண்டு நின்றது.

மே மாதச் சனிக்கிழமை இரண்டு ஸ்டாண்டுகளோடும் ராண்டல் வாசலில் வந்து இறங்கினாள்.

"எதுக்கு ரெண்டு?" என்றார் ராண்டல். "ஒண்ணுல உன்னப் பொரிக்கவா?"

"உன்னப் பொரிக்க எண்ணெய் கட்டுப்படியாகாது. பானைய எடு."

பழைய ஸ்டாண்டில் அதே பட்டைகளைக் குறுக்கே வைத்து, பானையை ஏற்றி, குழாயிலிருந்து பச்சைத் தண்ணீர் பிடித்து நிரப்பினார்கள். கோரின் மீன் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றை எடுத்துப் பானையின் கைப்பிடியில் மாட்டினாள். "எல்லாரும் தள்ளி நில்லுங்க. நனைஞ்சா என்னத் திட்டாதீங்க." மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்தாள். முள் பதினான்கு பவுண்டைத் தொட்டபோது ஸ்டாண்டின் ஒரு கால் தரையை விட்டு எழுந்தது. பானை குடைசாய்ந்து வாசல் முழுக்க வெள்ளமானது.

"பதினாலு பவுண்டு," என்றாள். "போன ஜனவரியில ராண்டல் உறைஞ்ச ஏரியில ஓட்டை போட்டுப் பிடிச்ச மீனே அதைவிடக் கனம்."

"இருபது பவுண்டு அது," என்றார் ராண்டல் ரோஷமாக.

"அப்ப அந்த மீன் வந்து முட்டியிருந்தாலும் ஆர்லன் கால் வெந்திருக்கும்."

புதிய ஸ்டாண்டில் மறுபடி நிரப்பினார்கள். கோரின் மறுபடி இழுத்தாள். தராசின் கடைசிக் கோடு ஐம்பது. முள் அதில் போய் இடித்து நின்றது. பானை அசையவில்லை. கோட்டுக்கு அப்பால் கையில் பாட்டிலோடு நின்ற ஆர்லன், சாய்ந்து கிடந்த பழைய ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, காய்ச்சலாம்," என்று சொல்லிவிட்டு, கோழியின் பக்கம் திரும்பாமலேயே கோரின் அடுப்பைப் பற்றவைத்தாள்.

தீ மஞ்சளாக வந்தது. நாக்கு நீட்டிப் பானையின் அடியை நக்கியது. கரிப்புகை கிளம்பி எல்லோரையும் இருமவைத்தது.

"கோழி!" என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு வெடித்தது. ராண்டல் தொப்பியைக் கழற்றிக் கோழிக்கு வணக்கம் போட்டார். "நாங்க சொன்னா நீ எங்க கேக்கிற, கோரின்!"

கோரின் காஸை அடைத்தாள். குனிந்து பார்த்தாள். தகட்டின் மேல் பானை மூடி போட்டதுபோல அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எரிந்த புகை வெளியேற ஒரு விரற்கடை இடம்கூட இல்லை. வீட்டில் பற்றவைத்துப் பார்த்தபோது மேலே பானை இல்லை. முகம் சிவந்தது. ஆனால் குரலைத் தாழ்த்தவில்லை.

"தப்பு என்னோடது. நெருப்புக்கு மூச்சு விட வழி வைக்கல. பானைய ஏத்திப் பாக்காமலே கொண்டாந்துட்டேன். கோழி ஒண்ணும் பண்ணல, நான் பண்ணினேன்."

பாதித் தண்ணீரை வடித்து இரண்டு பேர் பானையை இறக்கினார்கள். வண்டியில் இருந்த கட்டிங் மெஷினால் தகட்டை வெட்டி எறிந்தாள். நான்கு மூலையிலும் ஓரங்குல உயரத்துக்கு ஆங்கிள் துண்டுகளைப் பற்றவைத்து, பானை வழுக்காதபடி ஒவ்வொன்றிலும் உதடுபோல ஒரு விளிம்பு வைத்தாள். நாற்பது நிமிடம் ஆயிற்று. பானை ஏறியது. நெருப்பு வைத்தாள். சுற்றிலும் ஒரே சீராக நீலம்.

யாரும் கைதட்டவில்லை. ராண்டல் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு," என்று தொண்டையைச் செருமினார், "அந்தப் பட்டைங்க ரெண்டையும் குறுக்க வச்சது நான்தான். பானை ஆடுச்சு. பாத்தேன். இன்னிக்கு ஒரு நாள் தாங்கும்னு விட்டுட்டேன்."

ஆர்லன் பாட்டிலைக் கீழே வைத்தான்.

"ஏழு மாசம் ராண்டல்," என்றான். "ராத்திரி படுத்தா, கைய நீட்டி நடுங்குதான்னு பாத்துட்டு இருந்தேன். அந்தக் கோட்ட நீயே போட்டியே."

"ஆமா."

ராண்டல் போய்க் கோட்டைச் செருப்பால் தேய்க்க ஆரம்பித்தார். பாதி அழிந்தது, பாதி ஈரத்தில் இழுபட்டது. அவர் முடிக்கும்வரை ஆர்லன் காத்திருக்கவில்லை. லேசாக விந்திக்கொண்டே அதைத் தாண்டி வந்து, கோரின் கையிலிருந்த துடுப்பை வாங்கினான். போகிற போக்கில் கோழியின் காலைப் பிடித்து ஓர் இழு இழுத்தான். கோழி கீச்சிட்டது.

"எதுக்குப்பா இப்ப அது?" என்று முறைத்தாள் கோரின்.

"அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்," என்றான். பிறகு பானையின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து, பலம் கொண்டமட்டும் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தான். நின்றது. "பார்லி மூட்டைய இப்படிக் கொண்டாங்க."