மர்செய்க்காக விட்ட உப்பு

முதலில் அது செருப்பின் குற்றம் என்றுதான் நினைத்தேன். மில்லில் முதல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் பள்ளமாக இருக்கும். விளக்கு வைத்த பிறகும் அந்தப் பள்ளம் மேலே வராது. செருப்பை மாற்றினேன். புதுச் செருப்பும் அதே வேலையைச் செய்தது.

பிறகு கண் இமைகள் வீங்கின. சிறுநீர் நுரைத்துக்கொண்டு போனது. அதைப் போய் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு ஒரு மாதத்தை வீணாக்கினேன். இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது இப்படி இருந்தால், கூச்சத்தைத் தூரப் போட்டுவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

அது எண்பதுகளின் தொடக்கம். நானும் என் மனைவி கமலாவும் ரெட்டியார்பாளையத்தில் குடியிருந்தோம். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த பெண் டாக்டர், சோதனைகள் முடிந்ததும் நெஃப்ராட்டிக் சின்ட்ரோம் என்றார் (சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் கசிந்துபோக, உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் நோய்). ஸ்டீராய்டு (உடம்பு தன்னையே தாக்கிக்கொள்வதை அடக்கும் மருந்து) எழுதிக் கொடுத்தார். உப்பை அறவே நிறுத்தச் சொன்னார்.

"நான் பிரான்சுக்குப் போவணும் டாக்டர். எங்க அக்கா வரச்சொல்லி எழுதியிருக்குது" என்றேன்.

அவர் என் கால்களைப் பார்த்தார். "வீக்கம் வத்தி, புரதம் போறதும் நிக்கணும். அதுவரைக்கும் ப்ளேன் ஏற நான் சம்மதிக்க மாட்டேன்."

எனக்கு நோயைவிட அதுதான் பெரிய இடியாக இருந்தது.

என் அக்கா கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஓய்வு பெற்று மர்செய் என்ற துறைமுக நகரத்திலேயே தங்கிவிட்டார். எழுபதுகளின் கடைசியில் அவர்கள் மகளின் கல்யாணத்துக்காக நான் அங்கே போய் இரண்டு மாதம் இருந்தேன். கல்யாணத்தில் யார் யார் இருந்தார்கள் என்று இப்போது கேட்டால் தெரியாது. என்ன சாப்பிட்டேன் என்று கேளுங்கள், வரிசையாகச் சொல்வேன்.

துறைமுகத்து ஓரத்தில், படகிலிருந்து இறங்கிய மீனை அங்கேயே விற்பார்கள். ஐந்தாறு வகை மீனைக் குங்குமப்பூ போட்டுக் கொதிக்கவைத்து ஒரு சூப்பு. அதில் பூண்டு தேய்த்த ரொட்டியை மிதக்க விடுவார்கள். உப்புநீரில் ஊறிய ஆலிவ் காய்கள், நம் மாவடு மாதிரி. கடலைமாவைக் காய்ச்சி ஆறவைத்து, வெட்டிப் பொரித்து, பொட்டலம் கட்டித் தருவார்கள். பனிஸ் என்று பெயர். பஜ்ஜிக்குள் வாழைக்காயைத் தேடுவது போல முதல் நாள் அதற்குள் எதையோ தேடினேன். அக்கா சிரித்த சிரிப்பில் கடைக்காரனும் சேர்ந்து சிரித்தான்.

திரும்பி வந்தபின் அக்காவின் கடிதங்களை நம்பித்தான் இருந்தேன். நீல ஏரோகிராமில் நலம் விசாரிப்பு இரண்டு வரி. மீதியெல்லாம் சமையல்.

நோய் என்று எழுதியதும் அவள் சாப்பாட்டைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிட்டாள். குளிர் அடிக்கிறது, காற்று அடிக்கிறது என்று எழுதினாள். இரண்டு கடிதம் பொறுத்தேன். மூன்றாவதற்குக் கோபம் வந்துவிட்டது. "உப்பைத்தான் நிறுத்தச் சொன்னார்கள், உன் கடிதத்தை இல்லை" என்று பதில் போட்டேன். மறுபடி எழுதத் தொடங்கினாள்.

ஸ்டீராய்டு தின்பவர்களுக்கு நான் சொல்லியாக வேண்டியது ஒன்று உண்டு: அந்த மருந்து கொடுக்கும் பசி சாதாரணப் பசி இல்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போதே மறுபடி பசிக்கும். முகமும் பூரி மாதிரி உப்பிவிடும். தெருவில் போனால், "அக்கா அனுப்புற சீமைச் சாமான் நல்லா ஒட்டுது போல" என்று கேலி செய்வார்கள். வீட்டில் எனக்குக் கிடைத்ததோ உப்பில்லாத சோறும் எலுமிச்சம்பழம் பிழிந்த கீரையும். கமலா எனக்காகத் தானும் உப்பை விட்டிருந்தாள். அதனால் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

என்னைக் காப்பாற்றியது ரொட்டி. முன்பு பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் பிரெஞ்சு ரொட்டிக்குப் பஞ்சமில்லை. ஜுரம் வந்தால் ரொட்டியும் பாலும் கொடுக்கிற வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் அதைப் பத்தியச் சாப்பாடாகவே நினைத்தோம். காலையில் ஒரு நீள ரொட்டி, சாயங்காலம் ஒன்று. பசி தாங்காத நாட்களில் மூன்றாவதும் உண்டு. மேல்தோல் நொறுங்கும் சத்தம் கேட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு அக்கா வீட்டு மாடியில் இருப்பேன். கமலா பக்கத்தில் உட்கார்ந்து கடிதத்தைப் படிப்பாள். என் நாளில் அது ஒன்றுதான் சந்தோஷமான நேரம்.

நான்கு மாதம் போனது. டாக்டர் அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புரதம் போறது குறைஞ்சிட்டு வருது. வீக்கம் மட்டும் ஏன் வத்தல? சாப்பாட்ல உப்பு போடுறீங்களாம்மா?"

"சத்தியமா இல்லீங்க டாக்டர். உப்பு ஜாடியவே பரண்ல ஏத்திட்டேன்" என்றாள் கமலா.

"சரி, காலையிலேர்ந்து என்னென்ன வாய்ல போடுறீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். ரொட்டி என்றதும் அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"எத்தனை ரொட்டி?"

"ரெண்டு, மூணு. அது நோயாளிங்க சாப்புடுறதுதானே டாக்டர்?"

"போற வழியில ரொட்டிக்கடைக்காரரையே கேளுங்க."

கேட்டோம். கடைக்காரர் எங்களை விசித்திரமாகப் பார்த்தார். "உப்பு போடாம எப்படிங்க? அது இல்லன்னா மாவு கொழகொழன்னு ஆயிடும், நிக்காதுங்க. கை நிறைய அள்ளித்தான் போடுறோம்."

கமலா அங்கேயே அழுதுவிட்டாள். நான் அழவில்லை, வெட்கமாக இருந்தது. மர்செய்க்குப் போகவேண்டும் என்று வைராக்கியமாகப் பத்தியம் இருந்தவன், மர்செய்யை நினைத்துக்கொண்டே வீக்கத்துக்குத் தீனி போட்டிருக்கிறேன்.

ரொட்டியை விட்டது உப்பை விட்டதைவிடக் கஷ்டம். வேலைக்குப் போகும்போது அந்தக் கடை வாசனை வராத தெருவாகச் சுற்றிப் போனேன். மூன்று வாரத்தில் என் கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது. அதைக் கமலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். புரதம் போவது முழுவதும் நிற்க மேலும் ஒரு வருடம் பிடித்தது. "போயிட்டு வாங்க. ஆனா நாக்கு மட்டும் என் பேச்சைக் கேக்கணும்" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அக்கா விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. மறுநாள் மீன் சூப்பு வைத்தாள், அளவாக உப்புப் போட்டு. ஒரு கரண்டிக்கு மேல் முடியவில்லை. கடல்தண்ணீர் வாயில் போனது போல எரிந்தது. நாக்கு வேறு ஆளுடையதாகிவிட்டது. எத்தனை வருட ஏக்கம் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. அக்கா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் மத்தி மீனை உப்பில்லாமல் பெருஞ்சீரகத் தழை வைத்துச் சுட்டாள். பக்கத்தில் ஒரு தக்காளியை நறுக்கி வைத்தாள். தக்காளி அவ்வளவு இனிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மீனின் கொழுப்பிலும் ஒரு தித்திப்பு இருந்தது. முன்பெல்லாம் ஒரு கவளத்தை மெல்லும்போதே அடுத்ததைப் பார்க்கிறவன் நான். அன்று ஒரு மீனைத் தின்ன அரை மணி நேரம் ஆனது.

"மனசுல ஒண்ணும் வச்சிக்காதடா தம்பி" என்றாள் அக்கா. "அடுத்த தடவ வரும்போது உனக்கு எல்லாம் சரியாயிருக்கும். அப்ப வயிறாரச் சாப்புடுவ."

"அடுத்த தடவய வுடுக்கா" என்றேன். "இன்னொரு மீன் வையி."