பானையடிக் காந்தல்

மிக்தாலியா பிறக்கும்போதே எச்.ஐ.வி.யோடு பிறந்தவள். அம்மா கண்மூடியபின் பிராங்ஸில் சித்தி நில்சாதான் வளர்த்தாள். மாத்திரைகள் வைட்டமின் டப்பாவில் இருக்கும். "யார் கேட்டாலும் வைட்டமின்னு சொல்லு. நம்ம போர்ட்டோ ரீக்கோ ஜனத்துக்கு வாய் சும்மா இருக்காது" என்பாள் சித்தி. ஏழாம் வகுப்பில் மிக்தாலியா ஒருத்தியை நம்பிச் சொன்னாள், பாவம். மறுநாளே பக்கத்து நாற்காலி காலி. பத்தொன்பது வயதில், யாராவது கிசுகிசுத்தாலே தன்னைப் பற்றித்தான் என்று நினைக்கும் புத்தி வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்?

போன மாதம் காதலன் எலியேசரிடம் மட்டும் சொன்னாள். உயிரே போனாலும் தன் அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் விருந்து. சோறு தீர்ந்ததும் எல்லாரும் பானையைச் சூழ்ந்து, அடிக் காந்தலை ஆளுக்கொரு கரண்டியால் சுரண்ட ஆரம்பித்தார்கள். மிக்தாலியாவும் கை நீட்டினாள். அவன் அம்மா எனெய்தா அந்தக் கையில் அலுமினியத் தாள் மூடிய தட்டை வைத்தாள்.

"இந்தா, தனியா எடுத்து வச்சிருக்கேன்."

தனியா! மிக்தாலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சொல்லிட்டியேடா துரோகி! ஆமா, எனக்கு எச்.ஐ.வி. இருக்கு, பிறந்ததுலேருந்தே இருக்கு! அதுக்குத் தனித்தட்டா?"

எலியேசர் முகத்தில் ஈயாடவில்லை. எனெய்தா மெதுவாகச் சொன்னாள்: "அது உன் சித்திக்கு, கண்ணு. வேலை முடிஞ்சு களைச்சு வருவாளேன்னு..."

விருந்துக்கு வந்தவளை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் இவர்களிடம் உண்டா என்ன? மிக்தாலியாவுக்குத் தெரியாததா? சந்தேகம் கண்ணை மறைத்துவிட்டது.

எலியேசரின் அக்கா, வயிறு நிறைந்துவிட்டது என்று கரண்டியைக் கீழே வைத்தாள். அதையும் மிக்தாலியா பார்த்தாள்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறியா?" என்று கேட்டாள் எனெய்தா.

"ம்."

"அப்ப இந்தக் காந்தலையும் சாப்பிடு. ஆறினா பல்லை உடைக்கும்."

கரண்டியைக் கையில் திணித்தாள். மிக்தாலியா சுரண்டித் தின்றாள். அதே இடத்தில் எனெய்தாவின் கரண்டி இறங்கியது. ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"ஒரு மாசமா அம்மா துருவித் துருவிக் கேட்டாங்க, நீ சாப்பிடுற அந்த வைட்டமின் என்னன்னு" என்றான் எலியேசர். "நான் சொல்லல, மிக்தா. நீதான் சொன்ன."

ஊரையே சந்தேகப்பட்டு வளர்ந்தவளுக்கு, சந்தேகப்படத் தேவையில்லாத ஒருவனிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.