சாவிகள் தொங்கிய கடை

இன்று பேருந்தில் யாருடைய பையிலிருந்தோ வறுத்த மிளகாய்த்தூள் மணத்தது. அந்த மணத்தில், இத்தாலியின் பலெர்மோ நகரத்துக் கபோச் சந்தையில் இப்போது மதுக்கடையாகிவிட்ட செல்வி அக்காவின் பலசரக்குக் கடைக்குள் நினைவில் மறுபடி நின்றேன். அரிசி மூட்டைகளுக்கு மேலே, வரிசையான ஆணிகளில், லிபெர்த்தா வீதியின் பணக்கார வீட்டுச் சாவிகள் தொங்கும். அந்த வீடுகளைத் துப்புரவாக்கப் போகும் எங்கள் தமிழ்ப் பெண்களில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால், இன்னொருத்தி அவளுடைய சாவியை எடுத்துக்கொண்டு பேருந்தேறுவாள். யாருடைய வேலையும் பறிபோகாது.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான் எழுதும் பலெர்மோ வணிக வரலாற்று ஆய்வேட்டிலிருந்து அந்தக் கடையை நீக்கச் சொன்னார் பேராசிரியர். பதிவேடுகளில் அது இல்லையாம்.

அம்மாவிடம் சொன்னேன்.

"உன்ரை புரொபெசோரின்ரை வீட்டுச் சாவியும் அங்கைதானே தொங்கினது, பிள்ளை! வீடு தானாத் துப்புரவாகினதோ எண்டு கேள்."

கடையை நான் நீக்கவில்லை. முதல் அத்தியாயத்துக்கு நகர்த்திவிட்டேன், எல்லாச் சாவிகளோடும்.