மைதானம் இல்லாத கல்லூரி

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த கிழமை, காரைதீவிலிருந்து ஒரு விளையாட்டு ஆசிரியை எங்கள் வீட்டுக்கு வந்தார். பக்கத்து ஊர்க் கல்லூரியொன்றில் பெண் பிள்ளைகளுக்கு மெய்வல்லுநர் பயிற்சி கொடுப்பவர். மாகாணப் போட்டியில் நான் ஈட்டி எறிந்ததைப் பார்த்திருந்தார்.

"பிள்ளைய எங்கட கல்லூரில சேருங்க. அகில இலங்கைக்குக் கொண்டு போறது என்ட பொறுப்பு" என்றார் வாப்பாவிடம். "முக்காட்டோடயே எறியலாம். எங்கட பிள்ளையள் எல்லாரும் அப்படித்தான்."

உம்மா வாப்பாவின் முகத்தைப் பார்த்தார். வாப்பா என்னைப் பார்த்தார். "அவள்தானே படிக்கப் போறவள். அவளே முடிவெடுக்கட்டும்" என்றார்.

என் சிநேகிதி ஏற்கெனவே அந்தக் கல்லூரிக்குப் போவதென்று முடிவெடுத்துவிட்டாள். எங்கள் தெருவிலேயே வளர்ந்தவள். எங்கள் இருவருக்கும் ஒரே ஈட்டிதான். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போவோம். நான் எறிந்தால் அந்தப் பக்கம் நிற்கும் அவள் அதை மணலிலிருந்து பிடுங்கித் திருப்பி எறிவாள். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரைக்கும் எங்களுக்கு வேறு கதை கிடையாது.

அவளோடு ஒருநாள் கல்லூரியைப் பார்க்கப் போனேன். புல் வளர்ந்த, பெரிய, அருமையான மைதானம். அவள் அதன் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு சுற்றினாள். நான் பௌதிக ஆய்வுகூடத்தைத் தேடிப் போனேன். கதவில் பூட்டுத் தொங்கியது. யன்னலால் எட்டிப் பார்த்தால் உடைந்த கதிரைகள் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. அங்கே படிக்கும் ஒரு பிள்ளையிடம் கேட்டேன். "பௌதிகம் படிப்பிக்க சேர் இல்ல. மாறிப் போனவருக்குப் பதிலா ஆரும் வரல்ல. டியூசன்தான்" என்றாள்.

எனக்குக் கணிதப் பிரிவில் படிக்க வேண்டும். ஒரு கணக்கு சரியாக வந்து முடியும்போது மனதில் விழும் அமைதி எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை, ஈட்டி எறிவதிலும்கூட. மலைநாட்டுப் பெண்கள் கல்லூரியொன்றில் எல்லாப் பாடத்துக்கும் நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள், விடுதியும் இருந்தது. கல்முனை பஸாரில் இருந்த வாப்பாவின் இரும்புக் கடைக்கே போய், அங்கே போகிறேன் என்று சொன்னேன்.

"அங்க விளையாட்டு இரிக்கா?"

"இல்ல வாப்பா."

"மறுகா கவலப்பட மாட்டாயே?"

"இல்ல" என்றேன். அப்போது அப்படித்தான் நம்பினேன்.

ஊர் அப்படி நினைக்கவில்லை. பொம்புளப் புள்ள என்று தகப்பன் தடுத்துவிட்டார் என்றே பேசிக்கொண்டது. சிநேகிதியிடம் நான்தான் தேர்ந்தெடுத்தேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்து, "எனக்கு விளங்குதுகா. ஒண்ணும் சொல்லாத" என்றாள். கடைக்கு வருபவர்கள் வாப்பாவின் முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். அவர் சிரித்தபடி ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

புதிய கல்லூரி மலைச்சரிவில் இருந்தது. வகுப்புக்கு வகுப்பு படிகள். சமதரையென்று இருந்தது காலைக்கூட்டம் நடக்கும் தார்முற்றம் மட்டும்தான். அதுவும் பாதிநாள் மழையில் நனைந்து கிடக்கும். பௌதிகம் படிப்பித்த டீச்சரின் வகுப்பில் நேரம் போவதே தெரியாது. மணி அடித்து எல்லோரும் எழும்பிய பிறகுதான் நான் தனியாள் என்பது ஞாபகம் வரும்.

முதல் கிழமையே விடுதியில் ஏதோ கதைக்கும்போது, பிறகு என்பதற்கு எங்கள் ஊர்ப் பழக்கத்தில் "மறுகா" என்றேன். அறை முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு அதுவே என் பெயராயிற்று. அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை, சாப்பாட்டைப் பகிர்ந்து தின்பவர்கள்தான். ஆனாலும் நான் வாயைத் திறக்கும் முன் ஒவ்வொரு சொல்லையும் சரிபார்க்கத் தொடங்கினேன். பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டேன். பின்னேரங்களில் மற்றவர்கள் கெரம் விளையாடும்போது பின்படியில் போய் நிற்பேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை இடித்தது. வேலையில்லாத வலது தோள் சும்மா நோகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிப் பொறுப்பாளரின் போனில் சிநேகிதியோடு கதைப்பேன். அவள் பயிற்சியைப் பற்றிச் சொல்வாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அடுத்த வருடம் அகில இலங்கைப் போட்டி எங்கள் கல்லூரிக்குக் கிட்டிய நகரத்தில் நடந்தது. அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். தெரியாத சனங்களுக்கிடையில் இருந்து அவள் எறிவதைப் பார்த்தேன். ஓடிவரும்போது அவள் தோள் திரும்பிய விதம் எனக்குப் புதிது. யாரோ நன்றாகப் பழக்கியிருந்தார்கள். அவளுக்கு வெள்ளிப் பதக்கம். நான் கீழே இறங்கிப் போனதும் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள்.

"ஏன்கா இப்பிடி மெலிஞ்சி போய் இரிக்காய்? உங்கட வாப்பா விட்டிருந்தா நீயும் இஞ்ச நிண்டிருப்பாய்."

"வாப்பா இல்ல. நான்தான் வேணாமெண்டன். அப்பவும் சொன்னன்தானே."

"நீயா? மெய்யாவா?"

"ஓம். எனக்குப் பௌதிகம் படிக்க ஆசையா இருந்திச்சி."

அவள் கைகள் என் தோளிலிருந்து இறங்கின. "அப்ப என்ன விட்டுப்போட்டுப் போனது நீதானா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அவர்களுடைய பஸ் கோர்ன் அடித்தது. ஆசிரியை கூப்பிட, அவள் போனாள். அதற்குப் பிறகு நான் போன் எடுத்தால் பெரும்பாலும் அவள் உம்மாதான் பேசினார். புள்ள பிராக்டிஸுக்குப் போயிட்டாள் என்பார். சில மாதங்களில் நானும் எடுப்பதை விட்டுவிட்டேன்.

விடுமுறைக்குப் போனபோது வாப்பாவிடம் கேட்டேன். "ஏன் வாப்பா ஆக்கள்ட சொல்லல்ல, முடிவெடுத்தது நான்தான் எண்டு?"

"சொன்னா உன்னயும் கதைப்பாங்க. என்னயே கதைக்கட்டும். எனக்கு அது பாரமில்ல" என்றார்.

பல்கலைக்கழகம் கிடைத்தது. பொறியியல் படித்தேன். இப்போது நீர்ப்பாசன வேலையில் சம்மாந்துறை வயற்பக்கம் திரிகிறேன். வாய்க்கால் கட்டில் நின்று விவசாயிகளோடு கதைக்கும்போது பெரும்பாலும் நான் ஒருத்திதான் பெண். அன்று எடுத்த முடிவு பிழையென்று நான் நினைத்ததில்லை. இன்று கேட்டாலும் அந்தப் பூட்டிய ஆய்வுகூடக் கதவை விட்டு மலைக்குத்தான் போவேன்.

சிநேகிதி வரிப்பத்தான்சேனையில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறாள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தோம். சுகம் விசாரித்தாள். மழையைப் பற்றியும் வேளாண்மையைப் பற்றியும் கதைத்தோம். அவள் பாடசாலைப் பிள்ளைகள் கொஞ்சப்பேர் சுற்றி வந்து நின்றார்கள். "இவ இஞ்சினியர்" என்று மட்டும் என்னை அறிமுகப்படுத்தினாள். பிறகு அந்தப் பிள்ளைகள் அவளைத் தங்களோடு ஒரே தட்டைச் சுற்றி இருந்து சாப்பிடும் சபைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். வேறொரு சபையில், எனக்குத் தெரியாத பெண்களோடு இருந்து நான் சாப்பிட்டேன்.