வால் சிக்கிய சேதிகள்

ரொட்டி மாவைப் பொங்கவைக்கிற ஈஸ்டை வளர்க்கும் லேபில் வேலை என்றால் பாதி நேரம் கழுவுவது, மீதி நேரம் காத்திருப்பது. கையுறைக்குள் கை வெந்து போனவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ப்ளஸ் டூ முடித்தேன். மேலே படிக்கப் பொறுமை இல்லை. வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி லேபில் ஹெல்பர் வேலை, அதுவும் ட்ரையல். லேபைப் பார்த்துக்கொள்ளும் ரேவதி மேடத்துக்குத் திருப்தி இல்லையென்றால் பேக்கிங் லைனுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கோ லேபை விட்டுப் போக மனசே இல்லை.

மூக்கு

ஜீன் சொல்வதைப் புரதம் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோகிற சேதிதான் எம்ஆர்என்ஏ. நம் தோலில் இருக்கிற ஏதோ ஒன்று அதைத் தின்றுவிடுமாம். நான் கையுறையோடு மூக்கைச் சொறிந்துவிட்டு அப்படியே ட்யூபைத் திறந்தேன். சாம்பிள் காலி. கூட வேலை செய்யும் திருநெல்வேலி முத்துச்செல்வி அக்கா தலையில் அடித்துக்கொண்டார்: "ஏட்டி, கையுற ஒன் கையக் காப்பாத்தவா? ஒன் கைட்டருந்து சேதியக் காப்பாத்தத்தாம்ட்டி!"

துப்பட்டா

ஈஸ்டில் சில ஜீன்கள் எதிரெதிராக இருக்குமாம். அவற்றின் சேதிகளின் கடைசி முனைகள், அதாவது வால்கள், ஒன்றோடொன்று பொருந்தும்; இரண்டும் ஒட்டிக்கொண்டால் புரதம் குறையும். மேடம் போர்டில் கோடு கோடாகப் போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா மேடம், பஸ்ஸுல ரெண்டு பொண்ணுங்க துப்பட்டா முனை சிக்கிக்கினா ரெண்டு பேரும் எறங்க முடியாதே, அந்த மாதிரியா?"

மேடம் சிரித்துவிட்டார். "அதேதான். ஆனா சில நேரம் அந்தச் சிக்கலாலதான் ஈஸ்டுக்கே லாபம், எல்லாப் புரதத்தையும் எப்பவும் செஞ்சுகிட்டே இருக்க வேணாம் பாரு."

பச்சை

அடுத்து ஒரு சேதியின் வாலை மாற்றி, ஒட்ட முடியாதபடி செய்தார்கள். அந்தச் சேதியால் உருவாகிற புரதம் பச்சையாக ஒளிரும்படி முன்பே ஏற்பாடு. வால் மாறாத ஈஸ்ட், மாறிய ஈஸ்ட், இரண்டையும் வளர்க்கும் வேலை எனக்கு. இதையும் கெடுத்தால் பேக்கிங்தான் என்று மேடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

மைக்ராஸ்கோப்பில் வால் மாறாதது மங்கல். வால் மாறியது சும்மா பளபளவென்று பச்சை! கத்திவிட்டேன். மேடம் நம்பவில்லை, ட்யூபை மாற்றி வைத்திருப்பாயென்று மறுபடி வளர்க்கச் சொன்னார். மறுபடியும் அதே பச்சை. மேடம் குனிந்தபடி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிராமலே முத்துச்செல்வி அக்காவிடம் சொன்னார்: "பேக்கிங்குக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லிடு, இவ இங்கதான்."

சேதிகள் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஜாலியாகச் சும்மா இருக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்க்கிற நமக்குத்தான் டீக்குப் போகக்கூட நேரமில்லை.