சின்ன வெங்காயமும் டம்மி அவுட்புட்டும்

ஜப்பானில் நான் வாங்கிய மடிக்கணினியின் மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பழைய சாமான் விற்கும் கடையில் வாங்கியது அது. "கீல் தளர்ந்திருக்கிறது. பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. சத்தம் சில சமயம் வரும், சில சமயம் வராது. இந்த நிலையில் விற்பதற்கு மிகவும் வருந்துகிறோம்" என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தார்கள். திண்டுக்கல்லில் பழைய ஸ்கூட்டர் வாங்கப் போனால், லேடி டாக்டர் ஓட்டிய வண்டி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும் போய்வந்தது என்பார்கள். எங்கள் ஊரில் விற்ற பழைய ஸ்கூட்டர்களை எண்ணிப் பார்த்தால் தெருவுக்கு நாற்பது லேடி டாக்டர்கள் இருந்திருக்க வேண்டும். அதைக் கேட்டே வளர்ந்தவன் நான். தன் குறையைத் தானே ஒப்புக்கொள்ளும் பொருளைப் பார்த்ததும் உருகிப்போய் வாங்கிவிட்டேன். சீட்டில் இருந்தது ஒவ்வொன்றும் உண்மை என்பது பிறகுதான் உறைத்தது.

விண்டோஸை இழுக்க முடியாத அந்தக் கிழட்டுக் கணினிக்கு லினக்ஸ்தான் ஒத்துவந்தது. லினக்ஸிடம் எனக்குப் பிடித்தது, அது எதையும் மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடும். அனுமதி இல்லை. அப்படி ஒரு கோப்பு இல்லை. முடிந்தது கதை. ஜப்பானில் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே என் மேற்படிப்புப் பேராசிரியருக்கு ஒரு வேலை பிடிக்கவில்லை என்றால், தலையை ஒரு பக்கம் சாய்த்து, பல்லிடுக்கில் காற்றை இழுத்து, "சொட்டோ..." என்று நிறுத்திக்கொள்வார். "கொஞ்சம்..." என்று பொருள். கொஞ்சம் என்ன என்பதை அவரும் சொல்ல மாட்டார், நாமும் கேட்கக் கூடாது. கல்யாணத்துக்கு வருவீர்களா என்று கேட்டால் எங்கள் ஊரில் "பாப்போம்" என்பார்களே, அதே ஜாதிதான். வர மாட்டார்கள் என்று இலைக் கணக்கில் இருந்து எடுத்துவிட வேண்டும்.

நெல்வயலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அளந்து சொல்லும் ஒரு சின்னக் கருவிதான் என் ஆராய்ச்சி. என் அப்பாவிடம், அத்தா என்றுதான் கூப்பிடுவேன், சொன்னபோது, "நம்ம பக்கம் தண்ணி நின்னாத்தானப்பா அளக்க" என்று ஒரே வரியில் என் மேற்படிப்பை முடித்துவைத்தார்.

ஆராய்ச்சிக்கூடத்தில் என்னைத் தவிர பன்னிரண்டு பேர். காலையில் வணக்கம், மாலையில் வணக்கம், நடுவில் விசைப்பலகைச் சத்தம். என்னிடம் யாராவது வந்து பேசினால் அவர்கள் கணினி படுத்துவிட்டது என்று பொருள். தெருமுனைக் கடையில் இரவுச் சாப்பாடு வாங்குவேன். அங்கே கல்லாவில் இருக்கும் பெண் மூன்று கேள்வி கேட்பார். சூடு பண்ணவா, பை வேண்டுமா, பாயிண்ட் கார்டு இருக்கிறதா. சில நாட்களில் அன்று முழுக்க ஒரு மனிதர் என்னிடம் கேட்டது அந்த மூன்றும்தான். அட்டை இல்லை என்று சொன்னதோடு பேச்சு அறுந்துபோகிறதே என்ற ஆற்றாமையில் ஒருநாள் பாயிண்ட் கார்டு வாங்கினேன். மறுநாளிலிருந்து அவர் அந்தக் கேள்விக்குக் கையை மட்டும் நீட்டினார். இருந்த மூன்றும் இரண்டாகிவிட்டது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்ல முடியுமா? தினமும் திண்டுக்கல்லில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அம்மா கூப்பிடும். போனை எடுத்துக்கொண்டு நான் வெளியே ஓடுவதற்குள் "சாப்டியா?" என்ற முதல் வார்த்தை ஆராய்ச்சிக்கூடம் முழுக்க விழுந்துவிடும். பக்கத்து நாற்காலிக்காரன் மட்டும் தலையை லேசாகத் திருப்புவான். அவனிடம் நான் தினமும் மன்னிப்புக் கேட்பேன், அவனும் பதிலுக்கு மன்னிப்புக் கேட்பான். அதோடு சரி. அம்மா அடுத்து "என்ன வெஞ்சனம்?" என்று கேட்கும். பொரியல், கூட்டு, கூட்டாளிகளோடு சேர்ந்து சமைத்த மீன்குழம்பு என்று நான் அளந்துவிடுவேன். நண்பர்கள் தொல்லை தாங்க முடியவில்லை, ஒரே பேச்சு என்று அலுத்துக்கொள்வேன். அம்மா "ம்" என்று கேட்டுக்கொள்ளும்.

ஒரு வருடம் கழித்து விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது சிக்கல் வந்தது. விடுமுறையிலேயே என் அரையாண்டு ஆய்வை வீடியோ வழியாகப் பேராசிரியர் முன் சொல்ல வேண்டும். அவருக்குப் பிடித்தால் அடுத்த வருடமும் இடம் உண்டு. "சொட்டோ" என்றால் பெட்டியை எடுக்கத் திரும்பிப் போவதோடு சரி. எனக்குத் திரும்பிப் போக வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பேச ஆளில்லாத ஊர்தான், ஆனால் அந்தக் கருவி முதல்முறை சரியாக அளந்துகாட்டிய நாளில் வயல் வரப்பில் தனியாக நின்று ஆடியிருக்கிறேன். அது என் வேலை.

அம்மாவுக்கு நான் போகக் கூடாது. வாய்விட்டுச் சொன்னதில்லை. வந்து மூன்று வாரமாகியும் டிக்கெட் என்றைக்கு என்று மட்டும் கேட்கவில்லை. அத்தா அந்தப் பேச்சை எடுத்தால் அம்மாவுக்கு அடுப்படியில் உடனே ஏதாவது வேலை வந்துவிடும். "நல்லா நடக்கணும்னு துவா செய்யும்மா" என்றேன். "எது நல்லதோ அத அல்லா கொடுக்கட்டும்" என்றது அம்மா. எது நல்லது என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள கருத்து வேறுபாடு எனக்குத் தெரியும்.

ஆய்வைச் சொல்ல வேண்டிய நாளுக்கு முதல் நாள் காலையில், எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, நான் அப்டேட் போட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கணினி அணைந்து திறந்தது. சத்தம் போச்சு. மைக்கும் போச்சு. ஒலி அமைப்பைத் திறந்து பார்த்தால் ஸ்பீக்கர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "டம்மி அவுட்புட்" என்று இருந்தது. ஸ்பீக்கரே இல்லை, உன் மனத்திருப்திக்கு ஒன்று இருப்பதுபோல் வைத்திருக்கிறேன் என்று பொருள்.

கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை மேல் கட்டளையாக அடித்தேன். ஒலிச் சேவையை நிறுத்தித் தொடங்கினேன். அழித்துத் திரும்பப் போட்டேன். இணையத்தில் ஒரு மன்றத்தில், இதே கணினி, இதே கோளாறு, ஒரே ஒரு ஆத்மா எனக்கு முன்னால் புலம்பியிருந்தது. ஆவலாகக் கீழே இறங்கினேன். அதே ஆத்மா மறுநாள் "சரியாகிவிட்டது, நன்றி" என்று எழுதிவிட்டுப் போயிருந்தது. எப்படிச் சரியானது என்று ஒரு சொல் இல்லை. அந்த மனிதனை மட்டும் அன்று கையில் பிடித்திருந்தால் நான் இன்று உள்ளே இருந்திருப்பேன்.

அஸர் தொழுகை முடித்து வந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ ஓதி, கணினியின் மேல் மூன்று முறை ஊதியது. விசைப்பலகை இடுக்கிலிருந்து ஒரு மிக்சர் கடலை வெளியே வந்தது. சத்தம் வரவில்லை.

சாயங்காலம் அக்கா வந்தாள். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தவள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "படத்த இதுல காட்டு. பேச்ச போன்ல பேசு. அம்புட்டுத்தான?" என்றாள். ஒன்பது மணி நேரமாக மல்லுக்கட்டியவனிடம் அதைச் சொல்லக் கூடாது. "அது முறையில்ல" என்று எரிந்து விழுந்தேன். "அப்ப டம்மியாவே இரு" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தில் சேரும் இணைப்பை எதற்கும் இருக்கட்டும் என்று அம்மாவின் போனுக்கு அவளே அனுப்பிவைத்தாள்.

கூட்டம் மறுநாள் ஜப்பான் நேரப்படி பத்து மணிக்கு, அதாவது இங்கே காலை ஆறரை. அங்கே ஐந்து நிமிடம் முன்னால் வராதவன் தாமதமாக வந்தவன். ஆறு மணிக்கு முறையையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு என் போனிலேயே பேசிப் பார்த்தேன். அது ஏற்கெனவே கணினிக்கு நெட் கொடுத்துக்கொண்டிருந்தது. இதையும் சேர்த்ததும் தோசைக்கல்லாகச் சுட்டு அணைந்து, நான் தண்ணீர்ச் செம்பின் மேல் வைத்து ஆற்றியபின் மெல்ல எழுந்தது. அதை நெட்டுக்கு மட்டும் விட்டுவிட்டு அம்மாவின் போனை எடுத்தேன். அதில் ஐந்து சதவீதம் சார்ஜ். அடுப்படியில் மிக்சிக்குப் பக்கத்து பிளக்கில், வயரை ஒரு தினுசாக மடக்கி வைத்தால்தான் அது சார்ஜ் ஏறும். ஆகவே போனை அங்கே உப்பு ஜாடியில் சாய்த்துவைத்துவிட்டு, கணினியோடு அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்தேன்.

அம்மா உள்ளே முக்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது. மதியம் அக்காவின் மாமியார் வீட்டார் பிரியாணிக்கு வருகிறார்கள். இரண்டு கிலோ. "செத்த நேரம் சத்தம் போடாதம்மா" என்றேன். தலையாட்டியது.

போன் வழியாகப் பேசினேன், கணினி வழியாக வரைபடங்களைக் காட்டினேன். அக்கா சொன்னது பொன்போல் வேலை செய்தது. நான்காவது படத்தில் ஓரத்தில் இருந்த முகங்களைப் பார்த்தேன். எல்லோர் முகத்திலும் ஒரு நெகிழ்ச்சி. ஒரு பெண் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நெல்வயல் நீர்மட்ட வரைபடத்துக்கு யாரும் கண்கலங்கி நான் பார்த்ததில்லை. நன்றாகத்தான் சொல்கிறேன் போலிருக்கிறது என்று குரலில் இன்னும் கொஞ்சம் உணர்ச்சி சேர்த்துக்கொண்டேன்.

படங்கள் முடிந்தன. பேராசிரியர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பல்லிடுக்கில் காற்று இழுபட்டது. "சொட்டோ..." என்றார்.

அவர் வழக்கமாக அதோடு நிறுத்துவார். அன்று நிறுத்தியவர் திரையில் எங்கோ ஓரத்தைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். திரும்பவும் பார்த்தார். "கொஞ்சம்... இன்னும் கொஞ்சம் அளவுகள் எடுத்தால் நன்றாக இருக்கும். அடுத்த வருடமும் தொடருங்கள்" என்றார். பிறகு எழுந்து நின்று, இடுப்பு வரை குனிந்து, "தாயார் இவ்வளவு காலையில் வந்து கலந்துகொண்டதற்கு மிக்க நன்றி" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். அம்மாவின் போனில் கேமராவை நான் அணைக்கவில்லை. முகங்களின் வரிசையில் கடைசியாக அம்மா முகம். கழுத்துக்கு மேல் மட்டும்தான் தெரிந்தது. கையும் கத்தியும் வெங்காயமும் சட்டத்துக்குக் கீழே. கன்னம் இரண்டிலும் கண்ணீர் தாரையாக ஓடுகிறது. மகன் பேசப் பேச, ஒரு தாய் இருபது நிமிடம் ஒரு சொல் பேசாமல் அழுதிருக்கிறாள்.

வெங்காயத்துக்கு ஜப்பானிய மொழியில் என்ன சொல்வார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வாரத்துக்கு இரண்டு முறை வாங்குகிறேன். அன்று மட்டும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. நான் தேறியது வரைபடத்தாலா வெங்காயத்தாலா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

"தாயார் ஏதாவது கேட்க விரும்புகிறாரா?" என்றார் பேராசிரியர். அம்மாவிடம் சொன்னேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தது.

"அங்க இவன்கிட்ட யாராச்சும் பேசுறீங்களான்னு கேளு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. பேராசிரியரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ஆராய்ச்சிக்கூடத்தில் எத்தனை கருவிகள் இருக்கின்றன என்று அம்மா கேட்கிறார் என்று தொடங்கினேன்.

"ஏலே, கேட்டத அப்படியே கேளு. எனக்கு அந்த ஊர்ப் பேச்சு தெரியாது, ஒம் மூஞ்சி தெரியும்."

கேட்டேன். குனிந்த தலையோடு, அப்படியே கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. டம்மி அவுட்புட் போனுக்கும் தொற்றிவிட்டதோ என்று பார்த்தேன். சத்தம் சரியாகத்தான் இருந்தது. அவர்கள்தான் பேசவில்லை. ஒவ்வொருவரும் மேசையைப் பார்த்தார்கள்.

பக்கத்து நாற்காலிக்காரன் மைக்கைத் திறந்தான். காது சிவந்திருந்தது. இரண்டு முறை வாயைத் திறந்து மூடினான். பிறகு கேமராவுக்கு மிக நெருங்கி வந்து, பரீட்சையில் ஒப்பிப்பதுபோல் கத்தினான்.

"சாப்டியா?"

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இன்னும் இல்லப்பா, இப்பத்தான் விடிஞ்சிருக்கு. நீ சாப்டியா?" என்றது.

அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரு வார்த்தைதான். ஒரு வருடமாகத் தினமும் ஒருமுறை காதில் விழுந்தது. அதையே திரும்பச் சொன்னான். அம்மாவும் இல்லை என்று திரும்பச் சொன்னது. அதற்குமேல் பன்னிரண்டு பேரும் எழுந்து குனிந்தார்கள். அம்மா கையைக் கூப்பியது. அவர்கள் மறுபடி குனிந்தார்கள். பெரியவர் இருக்கும்போது முதலில் இணைப்பைத் துண்டிப்பது அங்கே மரியாதையில்லை. வந்தவர்கள் இருக்கும்போது உள்ளே போவது இங்கே மரியாதையில்லை. எனக்குத் தெரிந்து அந்தக் கூட்டம் அம்மாவின் போனில் சார்ஜ் வயர் நழுவியதால்தான் முடிந்தது.

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். கை சும்மா இருக்கவில்லை. கணினியை அணைத்துத் திறக்கும்போது வரும் பட்டியலில், அப்டேட்டுக்கு முன்பு ஓடிய பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். "டொய்ங்" என்று சத்தம் வந்தது. இரண்டு நிமிட வேலை. முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய இடம். மன்றத்துக்குப் போய், "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் எழுதிவிட்டு மூடினேன்.

"நேத்து ஊதுனேன்ல, இப்பத்தான் பிடிச்சிருக்கு" என்றது அம்மா. பிறகு வெங்காயத் தோலை முறத்தில் கூட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "டிக்கெட் என்னைக்கி?" என்று கேட்டது.

மூன்று வாரத்தில் முதல்முறை. அடுத்த வெள்ளிக்கிழமை என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் என் பக்கம் இல்லை.

"சாப்டியான்னு கேட்டுச்சே, அந்தப் புள்ள ஆட்டுக்கறி சாப்பிடுமா?"

"எனக்குப் பக்கத்து நாற்காலிதான். தெரியலம்மா."

"ஒரு வருஷமா பக்கத்துலயே உக்காந்திருக்க. அதக்கூடக் கேக்கலயா நீ?"

தரையில் கிடந்த ஒரு வெங்காயத் தோலைப் பொறுக்கி முறத்தில் போட்டேன்.

"போயி மொதல்ல அதக் கேளு" என்று சொல்லிவிட்டு, அம்மா முறத்தோடு கொல்லைப்பக்கம் போனது.